மூணு நாள் வேலை

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்த ஓரமே போதும், முன்னாடி பாத்தாப்புல இருக்கும். நான் பஸ்ஸுல ஏறியே பத்துப் பன்னெண்டு வருசம் இருக்குமுங்க. ஊட்டுல கார் இருக்குது. பழசுதான், ரெண்டாயிரத்து ஒண்ணாம் வருச மாடல், ஆனா பாத்தாச் சொல்ல மாட்டீங்க. இப்பக்கூட கழுவித் துடைச்சு கேட்டுக்கு வெளிய நிறுத்திப்போட்டுத்தான் வந்திருக்கறேன். அப்பறம் ஏன் பஸ்ஸுல வர்றேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலீன்னாலும் சொல்றேனுங்க. யாருகிட்டயாச்சும் சொல்லோணும். நாயம் எந்தப் பக்கம்னு வெளியாள் ஒருத்தர் கேட்டாத்தான் தெரியும்.

என்ற பேரு சென்னியப்பன். சிங்காநல்லூருதான். பம்ப் கம்பெனில முப்பத்தாறு வருசம் லேத்துல நின்னவன். தலைமுடி கனத்துக்கு வித்தியாசம் இருந்தாலும் விரல்ல தடவியே சொல்லிருவேன். பீத்திக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க, கம்பெனில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஊட்டுல நானும் என்ற ஊட்டுக்காரி வசந்தாமணியும்தான். கொழந்தை இல்லீங்க. அது ஒண்ணும் பெருசில்ல, பழகிப்போச்சு.

போன மார்கழில இருந்தே பிரேக் அமுத்துனா ஸ்டியரிங் கிடுகிடுன்னு ஆடுச்சு. முன் வீலைக் கழட்டிப் பாத்தேன். டிஸ்க்கு தேஞ்சு போயிருக்குது. டிஸ்க்குன்னா தெரியுமுல்லீங்க? வீலோட சேந்து சுத்தற இரும்புத் தட்டு. ரெண்டு பக்கமும் கட்டை வந்து அதைக் கவ்விப் பிடிச்சாத்தான் வண்டி நிக்கும். அது நடுவுல தேஞ்சு, ஓரத்துல வரப்பாட்ட நிக்குது. மைக்ரோமீட்டர் வெச்சு அளந்தேன். பத்து மில்லி இருக்கோணும், எட்டுக்கும் கீழ போயிருச்சு. எட்டுக்குக் கீழ போனா ஓட்டப்படாதுங்க. நான் சொல்றதில்ல, வண்டிக்குக் குடுத்த புஸ்தகத்துலயே போட்டிருக்குது.

அந்த நேரம் பாத்துத்தானுங்க, பொங்கல் முடிஞ்ச மூணாம் நாளு குண்டடத்துல இருந்து போன் வந்துச்சு. வசந்தாமணியோட அக்கா ருக்குமணி படுத்த படுக்கையாயிட்டாங்க, கஞ்சிகூட எறங்கறதில்லன்னு. பேசுனது அக்கா மக கவுசல்யா. "சித்தி, நீ வந்துரு, அம்மா உன்னைத்தான் கேக்குது"ன்னு அழுகுது.

இவ அப்பவே பொறப்பட்டு நின்னா. நான் சொன்னேன், "வண்டியை எடுக்க முடியாது. டிஸ்க் மாத்தோணும். மாத்திப்போட்டு நானே கூட்டிட்டுப் போறேன்"னு. தப்புங்களா? இந்த ரோட்டுல லாரி எப்புடிப் போகுதுன்னு நீங்களே பாக்கறீங்க. தேஞ்ச பிரேக்கை வெச்சுட்டு ஊட்டுக்காரியை ஏத்திட்டுப் போறவன் மனுசனுங்களா?

"அப்ப நான் பஸ்ஸுல போறேன்"னா. அவளுக்குக் கண் ஆபரேசன் பண்ணி அப்ப இருவது நாள்கூட ஆகலீங்க. கருப்புக் கண்ணாடி போட்டுட்டு நடமாடறா. பஸ் போர்டு கண்ணுக்குத் தெரியாது. எங்கயாச்சும் போயி முட்டிக்கிட்டா யாருங்க பதில் சொல்றது? "தனியா விட மாட்டேன்"னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். "அப்ப நீங்களும் கூட வாங்க"ன்னா. ஊட்டுல கார் வெச்சிருக்கறவன் பஸ்ஸுல போயி எறங்குனா அங்க என்ன நெனைப்பாங்க? வாடகை வண்டி எடுத்தாலும் அதே கதைதான்.

அதுலயும் அந்த ஊட்டுக்கு. முப்பது வருசத்துக்கு முன்னால ஒரு கல்யாணத்துல, அந்தக்கா ஊட்டுக்காரரு, என்ற சகலை, பந்தியில வெச்சு, "நம்ம சென்னியப்பன் கையில எப்பவும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அவரை ஓரமா உக்கார வைங்க"ன்னு சொல்லிச் சிரிச்சாரு. பத்துப் பேரு கூடச் சேந்து சிரிச்சாங்க. விளையாட்டுக்குச் சொன்னாருன்னு வசந்தாமணி அன்னிக்கே சொன்னா. இருக்கட்டும். அதுக்கப்பறம் நான் அந்த ஊட்டுக்குப் போனதில்லீங்க. அவரும் செத்து எட்டு வருசமாச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்.

டிஸ்க்கை ரெண்டே நாள்ல வாங்கியாந்துட்டேன். அதுல நான் லேட் பண்ணலீங்க. ஆனா வாங்குன கையோட மாட்டிர முடியுங்களா? கூடவே வாங்குன பிரேக் கட்டை வேற மாடல். திருப்பிக் குடுத்து மாத்தோணும். மாத்துனதுக்கு அப்பறம் ஜாக்கில ஆயில் கசிஞ்சுது. அதைச் சரி பண்ணுனா செவ்வாக்கிழமை வந்துருச்சு, அன்னிக்கு எதையும் தொடங்கறதில்ல. அப்பறம் எனக்கு முட்டி வலி. கீழ உக்காந்து செய்யற வேலையில்லீங்களா? வொர்க்‌ஷாப்புக்கு விடலாமேன்னு அவ கேட்டா. முப்பத்தாறு வருசம் இரும்போட இருந்தவன், என்ற வண்டியை இன்னொருத்தன் கையில குடுக்கறதா?

எட்டாம் நாளு அந்தக்காவே போன்ல பேசுனாங்க. கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்றாப்புல இருந்துச்சு. "சென்னியப்பா, அவளை ஒருக்கா கூட்டிட்டு வந்துரு சாமி"ன்னாங்க. "ரெண்டே நாள்ல வந்தர்றோமுங்க"ன்னேன். பொய் சொல்லலீங்க. அப்ப அப்படித்தான் நெனைச்சிருந்தேன்.

பதினோராம் நாளு காத்தால நான் டிஸ்க் கழுவறதுக்குப் பெட்ரோல் வாங்கப் போயிருந்தேன். புது டிஸ்க்குல எண்ணெய் பூசியிருப்பாங்க, கழுவாம மாட்டுனா பிரேக் பிடிக்காது. வந்து பாத்தா ஊடு பூட்டியிருக்குது. எதுத்த ஊட்டம்மா சொல்லித்தான் தெரியும். அக்கா போயிட்டாங்களாம். இவ கருப்புக் கண்ணாடியோட தனியாவே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாளாம். நான் போகலீங்க. நான் போயிச் சேர்றதுக்குள்ள எடுத்திருப்பாங்க. போயி என்ன பண்றது?

அக்காதானுங்களே. அம்மான்னாக்கூடப் பரவால்ல. அவிய அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க, இந்தக்காதான் இவளுக்குத் தலை சீவி விட்டு, பள்ளிக்கோடத்துக்கு அனுப்பி, கல்யாணம் பண்ணிக் குடுத்ததெல்லாம். அது எனக்கும் தெரியும். ஆனா அக்கா அக்காதானுங்க.

காரியமெல்லாம் முடிஞ்சு, அக்கா போன பதினேழாம் நாளுதான் திரும்பி வந்தா. வந்தவ எங்கிட்டப் பேசல. சரி, துக்கம், ரெண்டு நாள்ல சரியாயிரும்னு விட்டேன். மாசி போச்சு, பங்குனி போச்சு, சித்திரையும் போச்சு. ஒரு வார்த்தை இல்லீங்க.

சண்டை போட்டாளா, இல்ல. சோறு ஆக்குனா. தட்டுல போட்டு மூடி வெச்சிருவா. நான் சாப்புட்டு எந்திரிச்சப்பறம் அவ சாப்புடுவா. காப்பி டம்ளர் மேசை மேல இருக்கும், சூடாத்தான் இருக்கும், ஆனா அவ இருக்க மாட்டா. கேஸ் தீந்துருச்சுன்னா காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னால 'கேஸ்' அப்படீன்னு எழுதி டிவி மேல வெச்சிருவா. அவ கையெழுத்து அழகா இருக்கும். அந்தத் தாளை நான் தூக்கிப் போட மாட்டேனுங்க. சட்டைப் பையிலயே கெடக்கும்.

சாயங்காலம் கவுசல்யாகூடப் போன்ல பேசுவா. ரூம் கதவைச் சாத்திக்குவா. நான் டிவி சத்தத்தைக் கொறைச்சுப்போட்டு உக்காந்திருப்பேன். என்ன பேசறான்னு கேக்காது. ஆனா ஒரொரு தடவை சிரிப்பா. அந்தச் சிரிப்பு மட்டும் கேக்கும். அதுக்காவ நான் செய்தியே பாக்காம உக்காந்திருந்திருக்கறேன்.

நானும் பேசிப் பாத்தேனுங்க. "மழை வருமாட்டிருக்குது"ன்னு சொல்லுவேன். பதில் வராது. அப்பறம் நானும் நிறுத்திட்டேன். பகல்ல ஷெட்டுல போயி வண்டிக்குள்ள உக்காந்துக்குவேன். அங்க பேசுனா யாரும் பதில் சொல்லலீன்னு தோணாதுங்க, வண்டிதானே.

வைகாசி பொறந்தப்பத்தான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. எல்லாம் இந்த டிஸ்க்கால வந்தது. டிஸ்க்கை மாத்திப்போட்டா அவ பேசிருவா. அன்னிக்கு வண்டி ஓடலீன்னுதானே கோவம்? ஓட வெச்சுட்டா? புது டிஸ்க்கு கட்டிலுக்கு அடியில பொட்டியோட அப்படியே கெடந்துச்சு. எடுத்து வந்து போன திங்கக்கிழமை காத்தால ஜாக்கி போட்டேன்.

மொத நாளு டிரைவர் பக்கம். வீலைக் கழட்டி, கட்டையைப் பிடிச்சிருக்கற காலிப்பரைக் கழட்டி, அதை ஆயில் போற ரப்பர் ஓஸுல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டி மேல மாட்டுனேன். டிஸ்க்கைப் பிடிச்சிருக்கற ரெண்டு சின்ன ஸ்க்ரூ இருக்குதுங்களே, இருவது வருசத் துரு. அசையவே இல்ல. ஆயில் விட்டுத் தட்டித் தட்டிப் பாத்து, கடைசில டிரில் போட்டுத்தான் எடுத்தேன். உள்ள டிஸ்க் உக்கார்ற ஹப்பு மேல இருந்த துருவை எமரித்தாள் போட்டுத் தேச்சேன், கண்ணாடியாட்ட. அங்க ஒரு பொட்டுத் துரு இருந்தாலும் புது டிஸ்க்கும் ஆடும். புது டிஸ்க்கை மாட்டிச் சுத்தி விட்டேன் பாருங்க, சத்தமே இல்லாம சுத்துச்சு. யாராச்சும் பாத்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. திரும்பிப் பாத்தேன். சமையல் ரூம் சன்னல் தெறந்துதான் இருந்துச்சு, ஆள் இல்ல.

ரெண்டாம் நாளு அந்தப் பக்கம். அங்க ரப்பர் ஓஸுல வெடிப்பு. அதையும் மாத்துனேன். ஓஸைக் கழட்டுனா பிரேக் ஆயில் பைப்புக்குள்ள காத்து பூந்துரும். காத்து இருந்தா பெடலு பஞ்சாட்டப் போகும், வண்டி நிக்காது. அந்தக் காத்தை எடுக்கோணும். அதுக்குத்தானுங்க ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு உள்ள உக்காந்து பெடலை அமுத்தோணும், ஒருத்தரு வீலுக்கிட்ட உக்காந்து காத்து வெளிய வர்ற நிப்பிளைத் தெறந்து மூடோணும். வேற எந்த வேலையும் நான் தனியாச் செய்வேன். இது ஒண்ணு முடியாது.

மூணாம் நாளு காத்தால ஒரு கட்டையை வெட்டி, பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவுல முட்டுக் குடுத்துப் பாத்தேன். நான் நிப்பிளைத் தெறக்கறதுக்குள்ள கட்டை நழுவிருது. எந்திரிச்சு வந்து வைக்கறது, மறுக்கா போயி உக்கார்றது. முட்டி விட்டுப்போச்சு. எதுத்த ஊட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க. கேக்கறதுக்கு எனக்கு வேற யாருங்க இருக்கறா?

சமையல் ரூம் வாசல்ல போயி நின்னேன். அவ அடுப்புல எதையோ கிளறிட்டிருந்தா. அவளைப் பாத்துச் சொல்லலீங்க, செவுத்தைப் பாத்துத்தான் சொன்னேன். "பெடல் அமுத்த ஒரு ஆளு வேணும்"னு.

 அவ அடுப்பை அணைச்சா. கையை முந்தானைல துடைச்சா. எனக்கு முன்னால நடந்து போயி டிரைவர் சீட்டுல உக்காந்தா. வெறுங்காலு. இத்தன வருசத்துல அவ அந்த சீட்டுல உக்காந்ததே இல்லீங்க. ஓட்டக் கத்துக்கறேன்னு ஒருக்கா கேட்டா, நாந்தான் வேண்டாம்னுட்டேன்.

நான் வீலுக்கிட்டக் கீழ உக்காந்தேன். அங்க இருந்து அவ மூஞ்சி தெரியாது.

"அமுத்து"ன்னேன். பெடலு எறங்குச்சு.

"புடி"ன்னேன். நிப்பிளைத் தெறந்தேன். அதுல சொருகுன குழாய்ல காத்து புடுக் புடுக்குன்னு வந்துச்சு. மூடுனேன்.

"விடு"ன்னேன். விட்டா.

அமுத்து, புடி, விடு. அமுத்து, புடி, விடு. நான் சொல்லச் சொல்ல அவ காலு பதில் சொல்லுதுங்க. நாலு மாசத்துக்கு அப்பறம். ஒருக்காகூட முந்தல, பிந்தல. அந்தப் பக்கம் முடிச்சு இந்தப் பக்கம் வந்தேன். இங்கயும் காத்து நின்னுருச்சு, ஆயில் சுத்தமா வருது. வேலை முடிஞ்சுருச்சுங்க. ஆனா நான் நிறுத்தல. "அமுத்து"ன்னேன் மறுக்காவும். இன்னொரு பத்துப் பதினஞ்சு தடவை சொல்லியிருப்பேன். அவளுக்குத் தெரிஞ்சிருக்குமான்னு தெரியல. பெடலு கல்லாட்ட இருந்திருக்கும்.

அப்பத்தான் பேசுனா. உள்ள இருந்தே. "எத்தன நாளாச்சு இந்த வேலைக்கு?"

ஸ்பேனரைக் கீழ வெச்சேனுங்க. பேசிட்டா பாருங்க. நான் சொன்ன மாதிரியே. "மூணு நாளு"ன்னேன்.  நானே, "வொர்க்‌ஷாப்பா இருந்தா ஒரு வாரம் இழுத்தடிச்சிருப்பான். நான் ஒத்தை ஆளா மூணே நாள்ல முடிச்சிருக்கறேன்"னேன்.

"மூணே நாளு"ன்னா. அவ்வளவுதான். கதவைத் தெறந்து எறங்கிப் போயிட்டா.

எனக்கு அப்ப சந்தோசமா இருந்துச்சுங்க, உள்ளதைச் சொல்றேன். மெச்சித்தான் சொல்றான்னு நெனைச்சேன். வீலெல்லாம் மாட்டி, தெருவுல ரெண்டு சுத்து ஓட்டிப் பாத்தேன். அமுத்துனா வண்டி அப்படியே நிக்குது. ஸ்டியரிங் துளி ஆடல. வந்து வாசல்ல நின்னு, "நாளைக்குக் குண்டடம் போயிட்டு வரலாம்"னு சத்தமாச் சொன்னேன். உள்ள பீரோ தெறக்கற சத்தம் கேட்டுச்சு. சரி, பொறப்படறா, சேலை எடுக்கறான்னு நெனைச்சேன்.

இன்னிக்குக் காத்தால வண்டியைக் கழுவுனேன். முன் சீட்டுல புதுத் துண்டு விரிச்சேன். அவ பையை எடுத்துட்டு வெளிய வந்தா. பெரிய பை. ஒரு நாளு போயிட்டு வர்றதுக்கு இவ்வளவு பெரிய பை எதுக்குங்க? கட்டில் மேல தெறந்திருந்தப்பப் பாத்தேன், ஸ்வெட்டர்கூட உள்ள இருந்துச்சு. இந்த வெய்யில்ல ஸ்வெட்டரு. பிரசர் மாத்திரை மூணு அட்டை. பீரோவுல அவ தட்டு காலியா இருக்குது. எல்லாத்தையும் துவைக்கப் போட்டிருப்பாளாட்டிருக்குது.

நான் கார்க் கதவைத் தெறந்து பிடிச்சிட்டு நின்னேன். அவ வண்டியைச் சுத்திட்டு ரோட்டுல எறங்கி நடந்தா. "வசந்தா, பிரேக் சரியாயிருச்சு, நீதானே பெடல் அமுத்துன"ன்னேன். திரும்பல. பஸ் ஸ்டாண்டுப் பக்கமாப் போறா. கொஞ்ச தூரம் பாத்துட்டு நின்னேன். அப்பறம் என்னன்னு தெரியலீங்க, ஊட்டைப் பூட்டிப்போட்டு நானும் பின்னாலயே வந்துட்டேன். பாருங்க, ஊட்டுச் செருப்பு. மாத்து வேட்டிகூட எடுக்கல.

முன் படில அவ ஏறுனா, பின் படில நான் ஏறுனேன். அதா, டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு, கத்திரிப்பூ நெறச் சேலை. அவதானுங்க. நான் இருக்கறது தெரியும். பல்லடத்துல ஒருக்காத் திரும்பிப் பாத்தா. என்னைப் பாத்தாளா, படியைப் பாத்தாளான்னுதான் தெரியல.

இப்ப இது எந்த ஊருங்க? குண்டடம் வந்துருச்சா? அதுக்குள்ளயா? ஏனுங்க, நாம ஏறி எத்தன நேரம் ஆச்சு?

ஒண்ணரை மணி நேரந்தானா.

நான் நாலஞ்சு மணி நேரம் ஆகும்னுல்ல நெனைச்சிட்டிருந்தேன். இல்ல, அப்படி நெனைக்கல. நெனைச்சே பாக்கலீங்க. இந்தப் பக்கம் பஸ்ஸு எப்பவும் இப்படி வருங்களா? பத்து நிமிசத்துக்கு ஒண்ணா?

அப்ப காத்தால கூட்டிட்டு வந்திருந்தா, பொழுதோட ஊட்டுக்கே திரும்பியிருக்கலாம். பதினோரு நாளு இருந்துச்சுங்களே.

ஒண்ணுமில்லீங்க. தூசி. சன்னலைச் சாத்த வேண்டாம், இருக்கட்டும்.

அவ எந்திரிச்சுட்டா. பையைத் தூக்க முடியாமத் தூக்கறா பாருங்க. நாயம் எந்தப் பக்கம்னு நீங்க சொல்லவே இல்ல. சொல்ல வேண்டாமுங்க, விடுங்க. நான் எறங்கறேனுங்க. பழைய ஊட்டை இடிச்சு வேற எங்கயோ கட்டிட்டாங்களாம், எனக்கு வழி தெரியாது. அவ பின்னாலதான் போகோணும். கண்டக்டர்! நிறுத்துங்க, பின்னாலயும் ஒரு ஆளு எறங்கோணும்!